மாப்பிள்ளை குளிப்பாட்டிய நாய்

லொம்பேவுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. வாரம் முழுக்கச் சுரங்கத்தில் தாமிரக் கல்லை வாரிக் கொட்டிய வலி. அதன்மேல் நண்பனிடம் இரவல் வாங்கிய கோட்டு வேறு இறுக்கிப் பிடித்தது.

கிட்வே சுரங்கக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. கேட்டைத் தட்டினான். பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியா? காலையிலேர்ந்து உனக்காகத்தான்டா உக்காந்திருக்கேன்!"

லொம்பே மண்டியிட்டு, மெல்லக் கைதட்டி வணங்கினான். வாய் திறக்கவில்லை. பெண் கேட்டு வந்த இடத்தில் மாப்பிள்ளை பேசக் கூடாது; பேசுவதற்கு அவன் தாய்மாமா இருக்கிறார். சொன்ன வேலையை முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். மலாமாவைக் கொடுப்பதும் மறுப்பதும் அதில்தான் இருக்கிறது.

முன்னாலேயே கிளம்பிய மாமாவைத்தான் காணோம்.

"கல்லு மாதிரி நிக்காதே. நாயைப் பிடி."

கன்றுக்குட்டி அளவு நாய். உடம்பெல்லாம் சேறு, காதெல்லாம் உண்ணி.

"பேரு 'உனக்கென்ன'. பக்கத்து வீட்டுக்காரன் காதுல விழணும்னே வெச்ச பேரு." பெரியவர் சிரித்தார். "டேய் உனக்கென்ன, அசையாதே!"

லொம்பே கோட்டைக் கழற்றி மாமரக் கிளையில் மாட்டினான். சோப்புப் போட்டதும் நாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. காலைப் பிடித்து இழுத்து வந்தான். வாளி வாளியாக ஊற்றிய பிறகுதான் அது வெள்ளை நாய் என்றே தெரிந்தது.

"வயித்துக்கடியில தேய்டா. என்ன இப்படிக் கூச்சப்படறே, கல்யாணப் பொண்ணா அது?"

"அடங்கித் தொலையேன்," என்று நாயின் காதில் முனகினான். "என் கல்யாணமே உன் வாலுலதான் தொங்குது."

மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்தார்கள். அங்கிருந்து கோழி வறுக்கும் வாசனை வந்தது. இந்த வீட்டு அடுப்பில் புகையே இல்லை.

நாய் ஒரு உதறு உதறியது. லொம்பே தலை முதல் கால் வரை நனைந்தான்.

"ஈரத்தோட விட்டா மண்ணுல புரளும். துவட்டு."

துணி எதுவும் கண்ணில் படவில்லை. லொம்பே யோசிக்கவே இல்லை. கோட்டை எடுத்து, காது மடல், கால் இடுக்கு, வால் நுனி வரைக்கும் துவட்டினான்.

பெரியவர் வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா, கோட்டாலயா! இப்படி ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததே இல்லை. என் மகன் சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கான்."

மலாமாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. லொம்பே பெரியவரிடம் முதல்முறையாக வாய் திறந்தான். "ஐயா... இது மலாமாவோட அப்பா கபுங்வே வீடு இல்லையா?"

"அந்த முசுடா? பக்கத்து வீட்டுல இருக்கான். அவனுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

லொம்பே அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கோட்டு போச்சு, நேரமும் போச்சு. ஆகாதவன் வீட்டு நாயைக் குளிப்பாட்டியவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

மதில்மேல் ஒரு மொட்டைத் தலை எழும்பியது. பக்கத்தில் மாமா, வாயில் கோழிக்காலோடு. அவருக்குப் பக்கத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் மலாமா.

மலாமாவின் அப்பா, பளபளவென்று நின்ற நாயை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் லொம்பேவைப் பார்த்தார்.

"எழுந்து வாங்க மாப்பிள்ளை, நம்ம வீட்டு நாய் இன்னும் பாக்கி."