கரைக்காகம்

“அந்தக் கரைக்காகம் யாருன்னு மட்டும் தெரியட்டும், கழுத்தைத் திருகிப் போட்டுடறேன்!”

பார்லர் தொட்டியில் தலையைச் சாய்த்தபடியே கத்தினாள் பிரெண்டா. கத்திய வேகத்தில் கண்ணில் தண்ணீர் தெறித்தது. அதற்கும் சேர்த்து லட்ரீஸை முறைத்தாள்.

“அசையாதீங்க மேடம்” என்றாள் லட்ரீஸ். அமெரிக்காவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கடையில் தலை அலசுவதும் சாயம் பூசுவதும் அவள் வேலை. நிறைமாத வயிறு குனியும்போதெல்லாம் தொட்டியில் இடித்தது.

“எப்படிம்மா அசையாம இருக்கிறது? விமானந்தாங்கிக் கப்பல் எங்க நிக்குது, அதுல என்ன ரிப்பேர், எல்லாத்தையும் ‘கரைக்காகம்’னு பேரு வச்சுக்கிட்டு நெட்டுல தண்டோரா போடறான். ஊரே அதைத்தான் படிக்குது! பெரிய தொலைநோக்கி வச்சிருக்கிற கிழவனா இருப்பான். இல்ல, எவனோ வெளிநாட்டு உளவாளி. என் வீட்டுக்காரர் அந்தக் கப்பல்ல பெரிய அதிகாரி. அவர் உயிருக்கு யார் பொறுப்பு?”

“என் வீட்டுக்காரரும் அதே கப்பல்தான் மேடம். கீழ, இன்ஜின் ரூம்ல.”

“அப்போ உனக்கும் கோபம் வரணுமே?”

“வருது. கீழ்த்தளத்து ஆளுங்களுக்கு மட்டும் நெட்டை நிறுத்தி வச்சிருக்காங்க. மார்விஸ் குரலைக் கேட்டு ஒரு மாசம் ஆச்சு.” லட்ரீஸ் தயங்கினாள். “வியாழக்கிழமை கப்பல் வந்துடுமா மேடம்? அலபாமாவுல எங்க அம்மாவுக்குக் கோழி ஃபேக்டரியில ஒரு தடவைதான் லீவு கிடைக்கும். மார்விஸ் வந்துட்டா குழந்தை பொறந்தப்புறம் வந்தாப் போதும்; வரலைன்னா பிரசவத்துக்கே அம்மாவைக் கூப்பிடணும். தனியா ஆஸ்பத்திரிக்குப் போக பயமா இருக்கு.”

பிரெண்டா பதறிப்போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஐயோ, தேதியெல்லாம் ரகசியம் கண்ணு! உயிரே போனாலும் என் வாயிலிருந்து வராது. நேரம் வரும்போது குடும்பங்களுக்குச் சொல்வாங்க.”

“உங்களுக்குச் சொல்லிட்டாங்களா?”

“நானும் நீயும் ஒண்ணா?”

லட்ரீஸுக்குக் காது சூடானது. அதிகாரி மனைவிக்கு ஒரு வலி, இன்ஜின் அறைக்காரன் மனைவிக்கு ஒரு வலி என்று பிரசவத்திலும் பதவி உண்டா என்ன? சாயக் கிண்ணத்தை எடுத்தாள்.

“இன்னிக்கு நரைக்கு மட்டும் டை போடு, போதும்” என்றாள் பிரெண்டா. “அப்புறம், புதன்கிழமை கர்லிங்குக்கு வர்றதாச் சொல்லியிருந்தேனே, அதை அடுத்த மாசக் கடைசிக்குத் தள்ளிடு.”

லட்ரீஸின் கை ஒரு கணம் நின்றது. கப்பல் வருவதற்கு முதல் நாள் கூந்தலைச் சுருட்டிக்கொள்ளாத அதிகாரி மனைவி அந்த ஊரிலேயே கிடையாது.

“சரிங்க மேடம்.”

“பாவம் மனுஷர், குளிச்சு அஞ்சாறு நாளாச்சாம். உடம்பு துடைக்கிற ஈரத் துணி வாங்கி அனுப்புன்னு எழுதறார். கடல் நடுவுல இருந்துக்கிட்டுத் தண்ணிக்குப் பஞ்சம்! என்ன கப்பலோ!” பெருமூச்சு விட்டாள். “ஆனா நான் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்ல. அதுதான் தேசபக்தி.”

சாயம் பிடிக்கட்டும் என்று அவளை உட்கார வைத்துவிட்டு, லட்ரீஸ் பின்வாசலுக்குப் போய் அம்மாவை அழைத்தாள்.

“அம்மா, லீவு சொல்லிட்டு உடனே கிளம்பி வா. குழந்தை பொறக்கிறப்ப மார்விஸ் இருக்க மாட்டான்.”

போனை வைத்தாள். அழுகை வந்தது. கையெல்லாம் சாயமாக இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

அவள் துண்டை எடுப்பதற்குள் பிரெண்டாவின் கைபேசி ஒலித்தது. பார்த்த பிரெண்டா வீறிட்டாள்.

“பார்த்தியா, மறுபடியும் போட்டுட்டான்! ‘கப்பலில் குடிநீர் இயந்திரம் பழுது. வியாழக்கிழமை வராது, அடுத்த மாதக் கடைசியில்தான் வரும். கீழ்த்தளத்துக் குடும்பங்களே, இனி யாருக்காகவும் காத்திருக்காமல் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்’னு எழுதியிருக்கான்! எனக்கே நேத்துதான் தெரியும். இந்தப் பாவிக்கு யார் சொல்றது?”

“தலையைச் சாய்ங்க மேடம், அலசிடலாம்” என்றபடி, தன் கைபேசியில் ஒட்டியிருந்த சாயத்தை மேலங்கியில் துடைத்துக்கொண்டது கரைக்காகம்.