கொட்டகையில் ஆறு நாள்

வண்டியை நிறுத்தச் சொல்லி அம்சவள்ளி சட்டத்தைத் தட்டினாள்.

வில்லியனூர் கோபுரம் அப்போதுதான் கண்ணில் பட்டிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. சுப்புராயன் திரும்பிப் பார்க்கவில்லை. வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோணி விரித்துத்தான் பெண்டாட்டியை உட்கார வைத்திருந்தான். இருந்தும் குலுக்கல் தாங்காமல் தட்டுகிறாள் என்று நினைத்தான்.

அவனுக்கு மனசு நிறைந்திருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கியாயிற்று. வேட்டி மடிப்பில் அதைச் செருகி வைத்திருந்தான். பிரெஞ்சு எழுத்து, அவனுக்கு ஒரு அட்சரம் தெரியாது. கார்த்திகையில் வந்து இதைக் காட்டினால் கட்டில் உண்டு என்று ஆஸ்பத்திரி அம்மா சொல்லியிருந்தாள். அது போதும்.

மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவன் அவன். முதலாவது மூன்றாம் நாள் போனது. இரண்டாவது எட்டாம் நாள் வாய் இறுகி, பால் இறங்காமல் போனது. மூன்றாவது அழவே இல்லை.

மூன்றுக்கும் ஊர் மருத்துவச்சிதான். ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி அறுக்கிற கத்தரிக்கோலைக்கூட வெந்நீரில் போட்டுத்தான் எடுக்கிறார்கள் என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். நாலாவது அங்கேதான் பிறக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒற்றைக் காலில் நின்றான்.

மாசக் கணக்கையும் அவனே வைத்திருந்தான். அரிவாளை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவன், இந்த ஒரு கணக்கில் புலி. தூரமானால் அம்சவள்ளி மூன்று நாள் மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கி உட்காருவாள். மாசியில் உட்கார்ந்ததுதான் கடைசி. அதற்கப்புறம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். புரட்டாசியோடு ஏழு.

இன்னும் இரண்டு மாசம் கிடக்கிறதே, அப்புறம் போகலாம் என்றுதான் அவன் சொன்னான். அவள் கேட்கவில்லை. இப்போதே போக வேண்டும் என்று நாலு நாளாகப் பிடித்த பிடியை விடவில்லை. மூன்றைப் பறிகொடுத்த பயம், பாவம், என்று வண்டி கட்டினான்.

எத்தனை மாசம் என்று ஆஸ்பத்திரி அம்மா அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். ஏழு என்று டக்கென்று சொன்னான். அம்சவள்ளி அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்தது. புது இடம், மிரளுகிறாள் என்று கையை விடுவித்துக்கொண்டான்.

அந்த அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி குடித்து வளர்ந்த வயிறு, சிறுத்துத்தான் இருந்தது. ஏழு சரிதான் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுபடியும் சட்டம் தட்டப்பட்டது. இந்தத் தடவை திரும்பினான். வைக்கோல் நனைந்திருந்தது.

"ஒம்போது முடிஞ்சிடுச்சுங்க," என்றாள். "தையிலயும் மாசியிலயும் சும்மாங்காட்டியும்தான் கொட்டாயில ஒக்காந்தேன்."

முந்தின மூன்று தடவையும் ஊரே அவள் வயிற்றைப் பார்த்து மாசம் எண்ணியது. அந்தக் கண் பட்டுத்தான் பிள்ளைகள் போயின என்று அவளுக்கு ஆகிவிட்டது. அதனால் இந்தத் தடவை சரியான மாசத்தை ஊருக்கும் சொல்லவில்லை, அவனுக்கும் சொல்லவில்லை. இல்லாத தீட்டுக்குத் துணி அலசிக் காயப்போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்துவிட்டால் அவர்களே பார்த்துப் படுக்க வைத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்கிறாள். வாய்விட்டு மாசத்தைச் சொல்ல அங்கேயும் துணிச்சல் வரவில்லை.

அந்த ஆறு நாளும் கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுபோனவன் அவன்தான். தீட்டு என்று கலயத்தை எட்ட வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்தவன்.

ஆஸ்பத்திரிப் பக்கம் மாட்டைத் திருப்பினான். நூறடி போவதற்குள் அவள் அலறினாள். ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் வாய்க்கால். கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள் இல்லை.

பிள்ளை வந்தது. கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதை எடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும், அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தான். மனசைத் திடப்படுத்திக்கொண்டு கொடியை விலக்கினபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது. பார்க்கிற யாரும் ஏழு மாசம் என்று நம்ப மாட்டார்கள்.

சுப்புராயன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள்மேல் வந்த ஆத்திரத்தைவிட, தான் சொன்ன ஏழுதான் அவனை அதிகம் வதைத்தது. அவள் அழவில்லை. பிள்ளையின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானைக்குள் வைத்தாள். நகம் தெரியாமல் இழுத்து மூடினாள்.

"ஊர்ல கேட்டா ஏழுன்னே சொல்லுங்க," என்றாள். "அடுத்த தபாவும் நான் கொட்டாயில ஒக்காரணும்."

அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான். காலையில் வில்லியனூரில் பிரெஞ்சுக்காரர்கள் 'மேரி' என்கிற கச்சேரிக்குப் போய்ப் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைக்க வேண்டும். எழுதுகிறவர் எத்தனை மாசம் என்று கேட்டாலும் கேட்பார்.

ஏழு என்று சுப்புராயன் மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.