பன்னிரண்டாவது கால்

பதினொரு கால்களைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டாயிற்று. சிரியக் அச்சனுக்கு இன்னும் கண் கலங்கவில்லை.

போன வருடம் ஏழாவது காலிலேயே அழுகை வந்துவிட்டது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் சீடர் பன்னிருவரின் காலை இயேசு கழுவியதை நினைத்துச் செய்யும் இந்தப் பெரிய வியாழன் சடங்குக்கு மூன்று பங்குக் கோயில்களிலிருந்து சனம் வந்து பாலப்பாறைக் கோயில் வாசல்வரை நெருக்கியடித்து நிற்கிறது. இவ்வளவு தாழ்மையான பாதிரியாரைக் கண்டதில்லை என்று ஊரே மெச்சியது. மெச்சினால் யாருக்குத்தான் கசக்கும்?

கழுவ வரும் கால்களை முன்பே கழுவிக்கொண்டு வருவது அங்கே வழக்கம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கப்யார் ஔசேப்பு, குழாயடியில் ஒவ்வொரு பாதமாகச் சோதித்தே உள்ளே விட்டார்.

“என்னடா பாப்பு, காலுக்குப் பவுடரா? பொண்ணு பார்க்கவா போறே?”

பன்னிரண்டாவது நாற்காலியில் ரப்பர் பால் வெட்டும் லோனப்பன்.

அவரைத் தேர்ந்தெடுத்தது அச்சனேதான். குருத்து ஞாயிறு பவனியில் நொண்டி நொண்டி வந்தவரின் கட்டுப் போட்ட பாதத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே மனதில் குறித்துக்கொண்டார். ஆறாத புண்ணை முத்தமிட்டால் கல்லும் கரையும். கடைசியாக உட்கார வையுங்கள், கட்டை அவிழ்த்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று கப்யாரிடம் சொல்லி வைத்தார்.

பெரிய வியாழனுக்கு வீட்டுக்கு வீடு சுடும் பெசஹா அப்பத்தை லோனப்பன் வீட்டில் இந்த வருடம் சுடவில்லை. நோன்பு தொடங்கிய வாரம் மனைவி ரோசிலி போய்விட்டாள். சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் அப்பம் கொண்டுவந்து தர வேண்டும்.

அச்சன் தாழ்மையைப் பற்றிப் பேசிய வீடியோவும் அதே வாரத்தில் எடுத்ததுதான். ஒரு வரி சரியாக வராமல் ஆறு தடவை எடுத்தார்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அச்சன் முழங்காலிட்டார். இடப்பக்கத் தூணருகே இருந்த கேமரா ஓரடி முன்னால் வந்தது.

குதிகாலிலிருந்து நடுப்பாதம்வரை பிளந்து, சிவந்து கிடந்தது புண். தண்ணீர் பட்டதும் லோனப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒரு வார்த்தை கேட்டால் நன்றாயிருக்கும் என்று அச்சனுக்குத் தோன்றியது. நெஞ்சில் மைக் இருந்தது.

“இது எப்படி ஆச்சு, லோனப்பன் சேட்டா?”

கோயில் முழுக்கக் கேட்டது. எல்லோரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.

லோனப்பன் குனிந்தார். அந்தச் சின்ன மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அச்சனின் காதோரம் சொன்னார்.

“அன்னைக்கு ரோசிலிக்கு மூச்சு இழுத்துச்சு. அச்சன் வந்து எண்ணெய் பூசினா நிம்மதியாப் போவான்னு மலையிலேர்ந்து ஓடி வந்தேன். செருப்பு அறுந்து கண்ணாடிச் சில்லு கிழிச்சிடுச்சு. உள்ளே வீடியோ எடுக்கிறாங்க, சத்தம் போடாதேன்னாரு கப்யார். ஒரு மணி நேரம் வாசல்ல நின்னேன். இதெல்லாம் மைக்ல வேண்டாம் அச்சா.”

கப்யார் அன்று கதவைத் திறந்து தலையை நீட்டியதும், தான் கையைக் காட்டி இருக்கச் சொன்னதும் அச்சனுக்கு நினைவு வந்தது. அந்த ஒரு வரியை ஐந்தாவது தடவையாக எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது ரோசிலியின் நெற்றி சில்லிட்டிருந்தது.

லோனப்பன் மைக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அச்சன் அந்தக் காலில் முகத்தைப் பதித்தார். அழுகை பொங்கி வந்தது. வேஷமில்லை, நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்த நிஜ அழுகை. பெண்கள் பக்கம் விசும்பல் எழுந்தது.

அழுதபடியே அவர் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கத் தூணை நோக்கித் திருப்பிக்கொண்டார்.