வாலால் போட்ட சித்திரம்

காரி என்கிற எருமை, புதிதாக வெள்ளையடித்த தொழுவச் சுவரில் சித்திரம் போட்டுக்கொண்டிருந்தது. பின்காலடியில் கிடந்த சேற்றில் வாலைத் தோய்க்கும், சுவரில் சளாரென்று வீசும், மறுபடி தோய்க்கும். பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாட்டுக்குப் பொறுக்கவில்லை.

“அது என்னக்கா, மயிலா? தலை எங்கே, தோகை எங்கே? கண்றாவியா இருக்கு.”

“இருக்கட்டும்.” சளார்!

“எசமான் பார்த்தா உன்னை வெளியில கொண்டுபோய்க் கட்டிடுவாரு.”

“கட்டட்டும். அங்கேயும் ஒரு மதில் இருக்கு.” சளார்!

ஆட்டுக்கு ஆத்திரமே வந்துவிட்டது. “ஒரு தடவையாவது திரும்பி, நீ போட்ட லட்சணத்தைப் பாரேன்!”

“எப்படிப்பா திரும்புறது? மூக்கணாங்கயித்தைத் தொட்டியோட சேர்த்துல்ல கட்டியிருக்காங்க. இதுவரைக்கும் நான் போட்டதுல ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லை. வீச வீச உடம்பெல்லாம் லேசாயிடுது, தம்பி. நான் விடமாட்டேன்.” சளார்!

தூறல் பட்டாலே அலறி ஓடும் அந்த ஆடு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தது. சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. தன் குட்டை வால் சேற்றுக்கு எட்டாததால், அதில் மெதுவாக உட்கார்ந்தது.