திருவாதிரைக்குப் பொருத்தம்

பொருத்தம் பார்க்கும் இயந்திரங்கள் இப்போதெல்லாம் தொலைநோக்கியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கின்றன. சிவகாசியில் சுடர்க்கொடியைப் பெண் பார்க்க வந்த அன்று, அவளுடைய திருவாதிரை நட்சத்திரம் தன் மேனியைத் தூசியாக உதிர்த்து எடை இழந்துகொண்டிருப்பதாக இயந்திரம் சொல்லிவிட்டது.

“இப்படி உதிர்ந்தா அடுத்து வெடிச்சிருமாம். நமக்கு வேண்டாம்” என்று எழுந்தார் மாப்பிள்ளை குணாளனின் அம்மா.

கல்லூரியிலிருந்தே குணாளனைத்தான் கட்டிக்கொள்வது என்றிருந்த சுடர்க்கொடி விடவில்லை.

“பட்டாசு ஆலை வச்சிருக்கீங்க அத்தை. நீங்களே வெடிக்குப் பயந்தா எப்படி?”

“வெடிக்கிற சரக்க ஊருக்கு வெளியத்தாம்மா வைப்போம். வீட்டுக்குள்ள வைக்கிறதில்ல.”

குணாளன் தலையாட்டினான். “அதுவும் சரிதாம்மா. நாங்க ஊருக்கு வெளியவே தனிக்குடித்தனம் போயிக்கிடுதோம்.”

அம்மா மெல்ல உட்கார்ந்து, பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

“மண்டபம் எதுன்னு முடிவு பண்ணிருக்கீங்களா, சம்பந்தி?”