கை நீட்டியதற்கு இங்கிலீஷில்

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கின் டியூப் லைட் வெளிச்சத்தில் வெண்ணிலாவின் வீங்கிய கன்னம் பளபளக்கிறது. மன்னார்குடியிலிருந்து கடல் கடந்து வாழவந்தவள் அவள், இங்கிலீஷ் தெரியாது. எப்படி ஆச்சு என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுச் சீன டாக்டரம்மா பேனாவோடு காத்திருக்கிறார். "அவரு கை நீட்டிட்டாருன்னு சொல்லுங்கத்தே." மாமியார் அமுதவள்ளி மருமகளின் கையை ஆதரவாகப் பற்றிக்கொள்கிறாள். பீட், ஹிட் எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்கள்தான். நாக்கு நுனிவரை வந்தவை, வெளியே காரில் உட்கார்ந்திருக்கும் மகன் ஜீவனை நினைத்ததும் தொண்டைக்குள் இறங்கிவிடுகின்றன. காற்றாடி கிறீச்சிடுகிறது. "பாத்ரூம் ஸ்லிப் லா, டாக்டர்" என்கிறாள் அமுதவள்ளி. பேனா நகர்கிறது. வெண்ணிலா மெல்ல நிமிர்கிறாள். பாத்ரூமும் ஸ்லிப்பும் மன்னார்குடியிலும் பேசுகிற சொற்கள்தான். மாமியாரின் பிடியிலிருந்து கையை உருவி, கன்னத்தில் சிவந்திருக்கும் விரல் தடங்களின்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுகிறாள்.