ஓட்டைப் பெட்டியும் ஓடும் அம்பும்

கணினிப் பாடத்துக்கென்று செய்த ஒரு பொம்மை இயந்திரத்தின் திரையில் மஞ்சள் அம்பு ஒன்று இருந்தது. மாணவி பிரமிளா எழுதும் கட்டளைகளை வரி வரியாகத் தொட்டு, அவற்றை நிறைவேற்றிக்கொண்டே ஓடுவது அதன் வேலை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடி முடித்துவிடும். அதில் அதற்கு ஒரே பெருமை.

அன்றைக்கு நாலையும் ஏழையும் ஒன்பதையும் கூட்டச் சொல்லியிருந்தாள். அம்பு பறந்தது. ஆனால் பக்கத்தில், கூட்டுத்தொகை சேரவேண்டிய பெட்டியில் வெறும் ஒன்பதுதான் இருந்தது.

"ஓட்டைப் பெட்டி! போட்டதையெல்லாம் ஒழுக விட்டுட்டியே!" என்று அம்பு எகிறியது.

"நான் இருந்த இடத்தைவிட்டு அசையலைப்பா," என்றது பெட்டி.

பிரமிளா ஒரு வரியின் ஓரத்தில் கிளிக் செய்தாள். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது. மறுபடி ஓடிவந்த அம்பு அதில் முட்டி நின்றது.

"இனிமே ஒவ்வொரு வரியா நின்னு நடந்து போ," என்றது புள்ளி.

அம்பு முணுமுணுத்துக்கொண்டே நடந்தது. பெட்டியில் நாலு விழுந்தது. அடுத்த வரி, 'மீதி எண்களுக்காக மேலே திரும்பு' என்றது. திரும்பிப் போய் அம்பு நின்ற வரியில், 'பெட்டியைக் காலி செய்' என்று இருந்தது. நாலு மறைந்தது.

"அடடா, ஒவ்வொரு சுத்துலயும் காலி பண்ணினது நானா?"

"நீ வந்த வேகத்துல எனக்கும் ஆள் அடையாளம் தெரியலை," என்று பெட்டி சிரித்தது.

அம்பு திரும்ப வேண்டிய இடத்தைப் பிரமிளா 'காலி செய்' வரிக்கு அடுத்த வரியாகக் கீழே இறக்கினாள். அம்பு மறுபடி ஓடியது. பெட்டியில் இருபது வந்து உட்கார்ந்தது.

மறுநாள் வேறொரு கணக்கு தப்பாய் வந்தது. பெட்டியைத் திட்ட வாயைத் திறந்த அம்பு, சட்டென்று புள்ளியைத் தேடியது.

"வாப்பா புள்ளி, இன்னைக்கு எந்த வரியில உட்காரப்போற?"